வாய் மூடிய கிணறு

வன உரிமைச் சட்டம் வந்த புதிது. எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்த ஆசிரியர் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நீளமான காகிதச் சுருள் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். அஞ்செட்டியைத் தாண்டி, நாட்றாம்பாளையம் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் அவருக்கு வேலை. வாரம் முழுக்க அங்கேயே தங்கிவிட்டு, சனிக்கிழமை குடும்பத்தைப் பார்க்க ஓசூருக்கு வருவார்.

“சார், நீங்க டிராயிங் படிக்கிறவர்தானே? இதப் பாத்து என்னான்னு சொல்லுங்க” என்று சுருளை என் சாப்பாட்டு மேசைமீது விரித்தார். அது மறுபடி சுருண்டுகொள்ளாமலிருக்க நான்கு மூலையிலும் டம்ளர்களை வைத்தோம்.

நான் அப்போது ஓசூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் டிராயிங் ஆபீசில் இருந்தேன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து டிப்ளமோ சான்றிதழோடு பஸ் ஏறி வந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது. லாரி கியர்பாக்ஸுக்குள் போகிற பாகங்களை வரைவது என் வேலை. ஒரு துளை மயிரிழை பிசகினாலும் பாகத்தைக் கையில் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்துவிடுவார்கள். காகிதத்தில் இருப்பது சரி, பொருள்தான் அதற்கு ஒத்துவர வேண்டும் என்ற நினைப்பில் ஊறிப்போயிருந்தேன்.

சுருளில் இருந்தது ஒரு வரைபடம். வெள்ளைக்காரர் காலத்து வனப்பகுதி வரைபடம். கிருஷ்ணகிரியில் ஒரு வக்கீல் பழைய ஆவணங்களிலிருந்து நகல் எடுத்துக் கொடுத்திருந்தார். யானை திரிகிற அந்த மலைகளை யாரோ கால்நடையாகவே சுற்றி வந்து, ஒவ்வொரு சரிவையும் மெல்லிய கோடுகளாக இழைத்திருந்தார்கள். ஓடைகள் இலை நரம்பு போலப் பிரிந்து ஓடின. எந்தக் கம்ப்யூட்டரும் இல்லாத காலத்தில் மனிதக் கை போட்ட கோடுகள். என் தொழிலில் அப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை. லென்ஸை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் நிமிராமல் குனிந்திருந்தேன்.

இரண்டு ஓடைகள் கூடுகிற இடத்துக்கு மேலே, ஒரு மேட்டின் மீது, சாய்ந்த ஆங்கில எழுத்தில் ஒரு சொல் இருந்தது. கைவிடப்பட்டது என்று பொருள். அதற்குக் கொஞ்சம் தெற்கே, கிணற்றைக் குறிக்கும் சின்ன வட்டம்.

“அந்த எடம்தான் சார்” என்றார் ஆசிரியர். “எங்க ஸ்கூல் பக்கத்துல இருளர் காலனி ஒண்ணு இருக்குது. அவங்க பாட்டன் பூட்டன் குடியிருந்த ஊர் அதுன்றாங்க. இப்ப ரிசர்வ் காடு. உள்ள போனாலே கேஸ்.”

புதுச் சட்டப்படி அவர்கள் மனு கொடுக்கப் போவதாகச் சொன்னார். அந்த இடத்துக்குப் போய்வரவும், தேனும் கடுக்காயும் எடுக்கவும், முன்னோரைப் புதைத்த இடத்தில் பூசை செய்யவும் உரிமை கேட்டு மனு. பழைய புதைகாடு, கிணறு, கோயில் போன்றவற்றையும் சாட்சியமாகக் காட்டலாமாம். நேரில் போய்ப் பார்த்து, அளந்து, ஒரு வரைபடம் போட்டு மனுவோடு வைக்க ஆள் வேண்டும். வனத்துறையிலிருந்தும் ஒருவர் கூட வருவார்.

சரி என்றேன். இருளர்களைப் பற்றி எனக்கு அதற்கு முன்பு தெரிந்ததெல்லாம் பாம்பு பிடிப்பார்கள் என்பது மட்டும்தான்.

கிணற்றைக் குறிக்கும் வட்டத்தைப் பற்றி அவர்களிடம் முன்கூட்டியே எதுவும் சொல்ல வேண்டாம் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டேன். கம்பெனியில் ஒரே பாகத்தை இரண்டு பேர் தனித்தனியாக அளப்போம், ஒருவர் அளவை மற்றவர் பார்க்கக் கூடாது. அந்தப் புத்தி. மேட்டின் விளிம்பிலிருந்து அந்த வட்டம் எவ்வளவு தூரம், எந்தத் திசை என்று வரைபடத்தில் கணக்கிட்டு ஒரு துண்டுத்தாளில் குறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பஸ் ஏறினோம். தேன்கனிக்கோட்டை தாண்டி மலைப்பாதையில் பஸ் வளைந்து வளைந்து போகும்போது ஆசிரியர் அந்தக் காலத்துக் கதையைச் சொன்னார். காட்டை அரசாங்கக் காடாக அறிவிக்குமுன் ஒரு வெள்ளைக்கார அதிகாரியை நியமிப்பார்களாம். அவர் பதவிக்குப் பெயர் செட்டில்மென்ட் ஆபீசர். காட்டில் யாருக்காவது உரிமை இருந்தால் சில மாதக் கெடுவுக்குள் அவர் முன்னால் வந்து சொல்ல வேண்டும். கெடு முடிந்தால் உரிமையும் முடிந்தது.

“நோட்டீசு ஒட்டினாங்க. தமுக்கும் அடிச்சிருப்பாங்க. எழுத்தே தெரியாதவங்களுக்கு நோட்டீசு” என்றார் ஆசிரியர்.

எங்கள் கம்பெனியில் வேலையை விட்டுப் போகிறவனுக்குக் கடைசியாக முடித்துக் கொடுத்து அனுப்புவதைத்தான் செட்டில்மென்ட் என்போம். ஒரு மலையில் வாழ்ந்தவர்களையும் அப்படி முடித்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

காலனியில் மூன்று பேர் தயாராக இருந்தார்கள். வன உரிமைக் குழுவில் இருந்த ஒரு அக்கா, அவருடைய வீட்டுக்காரர், அக்காவின் சித்தப்பா. அக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். ஒல்லி, நல்ல உயரம். தோளில் ஒரு துணிப்பை கனமாகத் தொங்கியது. பக்கத்து ஊர் நிலக்காரர்களின் ராகிக் காட்டில் களையெடுக்கப் போகிறவர் என்று ஆசிரியர் சொன்னார். நான் கும்பிட்டதும் அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கும்பிட்டார்.

காட்டு முகப்பில் வனக்காவலர் காத்திருந்தார். காவேரிப்பட்டினத்துக்காரர். வீட்டில் மாந்தோப்பு இருக்கிறது, காய் இறக்குகிற சமயத்தில் லீவு கிடைக்காமல் இங்கே மாட்டிக்கொண்டதாகப் புலம்பினார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் இந்தப் பயணத்தில் அவருக்குத் துளியும் நம்பிக்கை இல்லை.

“ஏம்மா, எத்தினி கிலோமீட்டர் நடக்கணும்?”

“கிலோமீட்டரு எனக்குத் தெரியாதுங்க. வெயிலு உச்சிக்கு வர்றதுக்குள்ள போயிடலாம்.”

அக்கா முன்னால் நடந்தார். பாதை என்று எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. எங்கு பார்த்தாலும் உண்ணிச்செடிப் புதர். அவர் ஒரு இடத்தில் நின்று காற்றை முகர்ந்தார், பிறகு கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். கால் மணி நேரம் அசையாமல் நின்றோம். அதன் பிறகுதான் கீழே மூங்கில் முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. யானைகள். அவர் எங்களை ஒரு பாறைச் சரிவு வழியாகச் சுற்றி அழைத்துப் போனார். வனக்காவலரும் அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து வந்தார்.

ஓடைக்கரையில் இளைப்பாற உட்கார்ந்தபோது நான் வரைபடத்தை எடுத்தேன். கிணறு இருந்த பகுதியை மட்டும் உள்ளே மடித்துக்கொண்டேன். அக்கா பக்கத்தில் வந்து குந்தினார். ஓடையை விரலால் காட்டினேன். இதோ நாம் உட்கார்ந்திருக்கிற இடம், இதோ அந்த மலை. அவர் சட்டென்று பிடித்துக்கொண்டார். ஒரு வளைவைத் தொட்டு, “இங்க ஒரு மடு இருக்கும், கோடையிலும் வத்தாது” என்றார். வரைபடத்தில் அந்த இடத்தில் கோடு தடித்திருந்தது.

“இது என்னா எழுத்துங்க?”

அந்தச் சாய்ந்த சொல். நான் தயங்கினேன். “விட்டுட்டுப் போன ஊருன்னு போட்டிருக்குக்கா.”

அவர் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரு உட்டுட்டுப் போனது?” என்று கேட்டார்.

அவர் கோபமாகப் பேசவில்லை. ஓடையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார். “மொதல்ல மரத்துக்கெல்லாம் நம்பர் போட்டாங்களாம். அப்பறம் காடு எரிச்சு வெதைக்கக் கூடாதுன்னாங்களாம். ஆடு உள்ள வரக்கூடாது, தேன் எடுக்கக் கூடாது. கடேசியில குடிசையவே பிரிக்கச் சொல்லிட்டாங்க. எங்க பாட்டனோட அப்பன் காலம் அது. பிரிச்ச மூங்கிலக்கூட எடுத்துக்கினு போக உடலியாம். அதுவும் சர்க்கார் மூங்கிலாம்.”

“எங்க போனாங்க?”

“எங்க போவாங்க? கீழ இறங்கி நெலக்காரங்க வீட்டுல பண்ணைக்கு நின்னாங்க. எங்கம்மா வரைக்கும் அதான்.”

அந்த வரைபடத்தின் அழகில் ஒரு வாரமாக மயங்கிக் கிடந்தவன் நான். அதை மடித்துப் பைக்குள் வைத்தேன். அன்று முழுவதும் தேவைக்கு மட்டும்தான் எடுத்தேன்.

உச்சி வெயிலுக்கு முன்பே மேட்டை அடைந்தோம். பெரிய மரங்கள் சூழ்ந்த ஒரு சமதளம். உள்ளே போனதும் அக்கா செருப்பைக் கழற்றினார். நாங்களும் கழற்றினோம். முதலில் எனக்கு எதுவும் தெரியவில்லை. பிறகு சருகுக்கு நடுவே கற்கள் தெரிய ஆரம்பித்தன. முழங்கை உயரக் கற்கள், நட்டு வைத்தவை, வளைந்து வளைந்து செல்கிற வரிசையில். பல கற்களில் பாசி படிந்திருந்தது. சிலவற்றை மரத்தின் வேர் இறுக அணைத்திருந்தது. பார்க்கப் பார்க்கக் கற்கள் கூடிக்கொண்டே போயின.

“செத்தவங்களுக்கு ஆளுக்கு ஒரு கல்லு” என்றார் அவர் வீட்டுக்காரர்.

அக்கா ஒரு கோடியில் ஆரம்பித்தார். முதல் கல்லைத் தொட்டு ஒரு பெயரைச் சொன்னார். அடுத்த கல்லைத் தொட்டு இன்னொரு பெயர். சில கற்களுக்குப் பெயரோடு ஒரு சேதியும் இருந்தது. தேனெடுக்கப் போய்ப் பாறையிலிருந்து விழுந்தவன். மூன்று பிள்ளை பெற்று மூன்றையும் அம்மைக்குக் கொடுத்தவள். வயிறு குலுங்கச் சிரிப்பவள். அந்தப் பெயர்களை இங்கே எழுத எனக்கு உரிமை இல்லை. அவர் எங்கும் தடுமாறவில்லை. ஒரு கல்லின் முன்னால் நின்று யோசித்தபோது சித்தப்பா எடுத்துக் கொடுக்க வாயெடுத்தார். அக்கா கையமர்த்திவிட்டு, தானே நினைவுகூர்ந்து சொன்னார்.

இந்த ஊரில் அவர் ஒரு நாள்கூட வாழ்ந்ததில்லை. அவர் அம்மாவும் வாழ்ந்ததில்லை. விறகுக்குப் போவதுபோல, கடுக்காய் பொறுக்கப் போவதுபோல, வருடத்துக்கு ஒருமுறை யாராவது இரண்டு பேர் பயந்து பயந்து வந்து, இந்தப் பெயர்களைச் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். பிடிபட்டால் அபராதம், சில சமயம் அடி. அப்படியும் தலைமுறை தலைமுறையாக ஒரு வருடமும் விடவில்லை. அளக்க எடுத்த டேப்பைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் பின்னால் நடந்தேன்.

வரிசையின் கடைசிக்கு வந்ததும் அக்கா துணிப்பையைத் திறந்தார். சாப்பாடு என்று நான் நினைத்திருந்தேன். உள்ளே ஒரு கல் இருந்தது. அவர் அம்மா போன மாசியில் இறந்துபோனாராம். கீழே நிலக்காரரிடம் கெஞ்சி அவர் வேலியோரத்தில் புதைத்திருந்தார்கள். அம்மாவுக்கான கல்லைத்தான் அத்தனை தூரம் சுமந்து வந்திருந்தார். மூவரும் கையால் மண்ணைத் தோண்டி அதை நட்டார்கள். அக்கா அம்மாவின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

வனக்காவலர் கொஞ்ச நேரம் தள்ளி நின்றிருந்தார். பிறகு ஆசிரியரிடம் மெதுவாகச் சொன்னார். “எனக்கும் மனசு இருக்குது சார். ஆனா நான் இன்னான்னு எழுதறது? கிருஷ்ணகிரி ஜில்லாவுல கல்லு எங்கதான் இல்ல? இப்பகூட ஒண்ணு நட்டாங்க. மேல இருக்கறவங்க கேப்பாங்களே, எல்லாமே இப்பிடி நட்டதுதானேன்னு?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆசிரியர் என்னைப் பார்த்தார். கிணற்றைப் பற்றி நாங்களாகச் சொல்லிவிடக் கூடாதென்று நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். ஆசிரியர் அக்காவிடம் கேட்டார், “இத்தினி சனம் இருந்த ஊரு. தண்ணிக்கு இன்னா பண்ணாங்க? ஓடைக்குத்தான் போனாங்களா?”

அக்கா வீட்டுக்காரரையும் சித்தப்பாவையும் பார்த்தார். மூவரும் தள்ளிப் போய்த் தங்கள் பேச்சில் பேசிக்கொண்டார்கள். தமிழும் கன்னடமும் கலந்த மாதிரி இருந்தது, எனக்குப் பிடிபடவில்லை. சித்தப்பா தலையைத் தலையை ஆட்டி மறுத்தார்.

திரும்பி வந்த அக்கா சொன்னார். “கெணறு ஒண்ணு இருக்குதுங்க. ஊரக் காலி பண்ண அன்னிக்கு, கல்லப் போட்டு அதோட வாய மூடிட்டுப் போனாங்க. நாம திரும்பி குடி வர்ற அன்னிக்குத்தான் தெறக்கணும்னு சொல்லிட்டுப் போயிருக்காங்க. இதுவரைக்கும் யாரும் தொட்டதில்ல. நான் கண்ணால பாத்ததுகூட இல்ல.”

“அப்பறம் எங்க இருக்குதுன்னு எப்பிடித் தெரியும்?” என்றார் வனக்காவலர்.

“சொல்லி வெச்சிருக்காங்க.”

அக்கா, ஊரைக் காலி செய்யுமுன் நட்ட கற்களில் கடைசிக் கல்லுக்கு முதுகைக் காட்டி நின்றார். தூரத்து மலையின் உச்சி நேர் எதிரே வரும்வரை மெல்லத் திரும்பினார். பிறகு அப்படியே சரிவில் இறங்கினார். ஒன்றையொன்று தொடாமல் நிற்கும் இரண்டு பாறைகளைத் தேட வேண்டுமாம். புதர் ஆளுயரத்துக்கு மண்டியிருந்தது. வீட்டுக்காரர் அரிவாளால் வெட்டிக்கொண்டே போனார். பாறைகள் தெரியவில்லை. அக்கா திரும்பி மேலே ஏறி, மறுபடி கல்லிலிருந்து ஆரம்பித்தார். இந்த முறை இன்னும் நிதானமாக. ஒரு அரசமரத்தடியில் அவர் நின்றார். அந்த மரம் வளர்ந்து இரண்டு பாறைகளையும் பாதி விழுங்கியிருந்தது.

நான் சட்டைப்பையிலிருந்த தாளை எடுத்து, மேட்டின் விளிம்பிலிருந்து டேப்பும் திசைகாட்டியும் வைத்து அளந்து பார்த்தேன். நான் கணக்கிட்ட இடத்துக்கும் அவர் நின்ற இடத்துக்கும் இருபது அடிகூட வித்தியாசம் இல்லை. அத்தனை தூரத்தில், அத்தனை பழைய காகிதத்தில், அந்த இருபது அடி என் பிழையாகத்தான் இருக்கும்.

பாறைகளுக்கு நடுவே சருகையும் மண்ணையும் விலக்கியபோது பலகை போன்ற ஒரு பெரிய கல் தெரிந்தது. தாளையும் வரைபடத்தையும் வனக்காவலரிடம் கொடுத்தேன். வட்டத்தைக் காட்டினேன். “இதை இவங்ககிட்ட நாங்க காட்டவே இல்ல சார்.”

அவர் வரைபடத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். “தெறந்து பாத்துட்டா நான் எழுதிடுவேன். பாக்காம எழுத முடியாதும்மா.”

சித்தப்பா வேண்டாம் என்றார். அக்கா கல்லுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை தலைமுறை காத்த ஒரு வார்த்தையை ஒரு அரசாங்கத் தாளுக்காக மீறலாமா என்று அவர் தனியாக முடிவெடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் கல்லின்மீது உள்ளங்கையை வைத்து ஏதோ சொன்னார். பிறகு எங்களைப் பார்த்து, “பாக்கறதுக்கு மட்டும். யாரும் குடிக்கக் கூடாது” என்றார்.

மரக்கொம்பை நெம்புகோலாகக் கொடுத்து, சித்தப்பா தவிர மற்ற ஐந்து பேரும் தள்ளினோம். கல் ஒரு முழம் நகர்ந்தது. உள்ளிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. குனிந்து பார்த்தேன். சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் கல்லோடு கல் பொருத்திக் கட்டிய வட்டமான சுவர் கீழே இறங்கியது. ஒரு கல்கூடச் சரியவில்லை. ஆழத்தில் தண்ணீர். அதில் வானத்தின் ஒரு துண்டும், எங்கள் தலைகளும்.

அக்கா கடைசியாக எட்டிப் பார்த்தார். அழவில்லை, சிரிக்கவும் இல்லை. “இருக்குது” என்று மட்டும் சொன்னார்.

வனக்காவலர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கல்லைத் திரும்ப மூடும்போது எல்லோருக்கும் முந்திக் கை கொடுத்தது அவர்தான். அவரே மண்ணையும் சருகையும் அள்ளி மேலே போட்டார்.

இரண்டு வாரம் உட்கார்ந்து வரைபடத்தை முடித்தேன். கற்களின் வரிசை, பாறைகள், அரசமரம், கிணறு. அந்த மேட்டில் இருந்த ஊரை அவர்கள் எந்தப் பெயரால் அழைத்தார்களோ அதை அக்காவிடம் கேட்டு, பெரிய எழுத்தில் எழுதினேன். வனக்காவலர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். கல்மூடிய பழைய கிணறு இருப்பதை நேரில் கண்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

விசாரணை நாளில் நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். அதிகாரிகள் ஏழெட்டுப் பேர் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், “உங்கள்ல யாருமே அங்க பொறக்கல. அப்பறம் எப்படி உங்க எடம்னு சொல்றீங்க?” என்று கேட்டார்.

“பொறக்க உட்டாத்தானேங்க” என்றார் அக்கா.

அறையில் யாரோ சிரித்துவிட்டார்கள். கேட்டவர் சிரிக்கவில்லை, என் வரைபடத்தை இழுத்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். மனுவை ஏற்றுக்கொள்ளப் பரிந்துரைத்தார்கள். ஆனால் உரிமைச் சான்று கைக்கு வரவில்லை. நீதிமன்ற உத்தரவு ஒன்று குறுக்கே இருக்கிறது, அது விலகும்வரை யாருக்கும் கொடுக்க முடியாது என்றார்கள். நான் ஓசூரில் இருந்தவரை அது விலகவில்லை. ஒரு காரியம் மட்டும் நடந்தது. வருடத்தில் ஒரு நாள் கல்லுக்குப் பூசை போட்டுவிட்டு வரலாம், யாரும் தடுக்க மாட்டோம் என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள்.

முதல் வருடம் என்னையும் ஆசிரியரையும் கூப்பிட்டார்கள். காலனியே கிளம்பி வந்தது. அதுவரை விறகுக்காரர்களாக வேடம் போட்டு இரண்டு பேர் போன பாதையில், கைக்குழந்தைகளோடு பெண்கள் சத்தமாகப் பேசிக்கொண்டு நடந்தார்கள். குடங்களில் கீழேயிருந்தே தண்ணீர் கொண்டு வந்திருந்தார்கள். கிணற்றை யாரும் திறக்கவில்லை. பெயர்களைச் சொல்லி முடிக்க அரை நாள் ஆனது. ஒவ்வொரு பெயருக்கும் சின்னப் பிள்ளைகள் உட்படக் கூட்டம் மொத்தமும் திருப்பிச் சொன்னது. மலை எதிரொலித்தது. என் வாழ்க்கையில் எந்தப் பெரிய கோயிலிலும் நான் அப்படி நின்றதில்லை.

பூசை முடிந்து இலை போட்டு ராகிக் களியும் கீரையும் பரிமாறினார்கள். அக்கா என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

“உங்க ஊருல உங்க பாட்டனோட அப்பன எங்க பொதைச்சிருக்குது தம்பி?”

“எரிச்சிருவோம்க்கா.”

“சரி, அவுரு பேரு இன்னா?”

யோசித்தேன். அப்பாவின் அப்பா பெயர் தெரியும். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. வீட்டில் யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அய்யோ” என்றார் அவர். அதில் கேலி இல்லை, உண்மையான இரக்கம் இருந்தது. பிறகு சட்டியை இழுத்து, இன்னொரு உருண்டை களியை என் இலையில் வைத்தார்.